கொடைக்கானலில் நாலு நாள் உட்கார்ந்து வரையணும்: இடம், காயாத பேப்பர், ஒரே பச்சை

மலைக்கோட்டை_தூரிகை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர் மூணாவது வாரம் நாலு நாள் கொடைக்கானல்ல தங்கப் போறேன். ஊர் சுத்திப் பார்க்கிறது நோக்கம் இல்ல. அமைதியா ஒரு இடத்துல உட்கார்ந்து நீர்வண்ணத்துல வரையணும், அவ்வளவுதான். வாரம் ஆறு நாள் வேலை, ஞாயித்துக்கிழமை மட்டும் பிரஷ் தொடுற ஆள் நான். வீட்டுல போட்டோ பார்த்துப் போட்டா ஓரளவு வருது. வெளியில உட்கார்ந்தா மூணு விஷயத்துல மாட்டிக்கிறேன்.

ஒண்ணு, எந்தப் பக்கம் திரும்பினாலும் அழகா இருக்கு. ஒண்ண ஆரம்பிச்சுப் பத்து நிமிஷத்துல "அது இன்னும் நல்லா இருக்கே"ன்னு எழுந்து போயிடுறேன். கடைசியில போன்ல இருநூறு படம், பேப்பர்ல ஒண்ணும் இல்ல.

ரெண்டு, மலையில பேப்பர் காயவே மாட்டேங்குது. வானம் காயறதுக்குள்ள மலையைத் தொட்டா ரெண்டும் கலந்து, ஓரத்துல காலிஃபிளவர் மாதிரி திட்டுத் திட்டா நிக்குது.

மூணு, பச்சை. சோலை, புல்வெளி, யூகலிப்டஸ் எல்லாமே என் பேப்பர்ல ஒரே பச்சைப் பெயின்ட் அடிச்ச சுவர் மாதிரி இருக்கு.

கையில இருக்கிறது: ஏ4 அளவு 300 ஜிஎஸ்எம் (நல்ல கனம்) சாதா செல்லுலோஸ், அதாவது மரக்கூழ் பேப்பர், 12 டியூப் செட், ரவுண்டு பிரஷ் 4, 8, 12. பெரிய செலவு இல்லாம என்ன மாத்தலாம்? எங்க உட்காரலாம்?

---

பாம்பார்_ஓரம்:

நாலு நாளுக்கு நாலு இடம் வேண்டாம். ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. முதல் நாள் கோடு எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதிலேயே பாதிக் கவனம் செலவாகிவிடும். மறுநாள் அதே இடத்தில் உட்கார்ந்தால் வரைவு கைக்குப் பழகியிருக்கும், முழுக் கவனத்தையும் ஒளியின் மேல் வைக்கலாம். காலை ஏழு மணி முகடும் பதினோரு மணி முகடும் ஒரே மலை என்றே தோன்றாது. அப்படியிருக்க இடத்தை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

போய் உட்கார்ந்ததும் கால் மணி நேரம் பெட்டியைத் திறக்காதீர்கள், போனையும் எடுக்காதீர்கள். மூன்றே மூன்றைத் தேடுங்கள்: கண்ணில் படுவதில் மிக வெளிறியது எது, மிகக் கருத்தது எது, நகர்வது எது. கண்டதை வார்த்தையாகவே நோட்டில் எழுதுங்கள். "நடு முகடு வானத்தைவிட ஒரு படி கருமை, அடிவாரம் வெளிறல், வலது மரம்தான் கடைசிக் கருப்பு" என்று. மேகம் வந்து மூடிய பிறகு இந்த இரண்டு வரிகள் போட்டோவைவிட உதவும். போன் கேமரா மஞ்சையும் (மூடுபனி) நிழலையும் தன் இஷ்டத்துக்குச் சமன்படுத்திவிடும், நீங்கள் கண்ட வேறுபாடு அதில் இருக்காது.

அடுத்து 5க்கு 7 சென்டிமீட்டர் கட்டம் மூன்று. 4பி பென்சில், பேப்பர் வெள்ளை, நடுச்சாம்பல், கருமை என மூன்றே படிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம். எழுந்து போகத் தூண்டுவது கண்ணின் ஓரத்தில் தெரியும் மற்றக் காட்சிகள்தான். பழைய அட்டையில் 'எல்' வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டி, உங்கள் பேப்பரின் நீள அகல விகிதத்துக்கு ஜன்னலாகச் சேர்த்துக் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் தெரிவது மட்டும்தான் அன்றைக்கு உங்கள் உலகம். மூன்று கட்டத்தில் எது நன்றாக விழுந்ததோ அதைப் போடுங்கள். முதல் நாள் முழுக்கப் பென்சிலோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை.

இடம் என்றால், அடுக்கடுக்கான மலை வேண்டுமானால் கோக்கர்ஸ் வாக். 1872-ல் போட்ட நடைபாதை, ஒரு கிலோமீட்டர் அளவு, சரிவின் விளிம்பிலேயே போகும். பெரியகுளம் பக்கத்துச் சமவெளி கீழே விரியும். திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். வெயில் ஏற ஏறச் சமவெளிக் காற்று சூடாகி, ஈரத்தோடு சரிவைப் பிடித்து மேலே வந்து, குளிர்ந்து மேகமாகும். அதனால் விளிம்புதான் முதலில் மூடும். செப்டம்பரில் பத்து, பதினொரு மணிக்கே பள்ளத்தாக்கு காணாமல் போகலாம். அதுவரை தூரம், அதற்குப் பிறகு கிட்டத்தில் இருப்பது என்று நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். பத்தடியில் நிற்கும் மரம், கைப்பிடிச் சுவர், பாதித் தெரியும் கூரை. மஞ்சு இறங்கியதும் மூட்டை கட்டுகிறவர்கள் மலையின் நல்ல பாதியை விட்டுவிடுகிறார்கள்.

குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம் வடக்கே பழனி திசையைப் பார்க்கலாம். வடக்குப் பார்த்த காட்சியில் சூரியன் முகத்துக்கு நேரே வராது, காலையும் மாலையும் பக்கவாட்டு ஒளி கிடைக்கும். ஏரி 1863-ல் உருவாக்கியது. காற்றும் படகும் கிளம்புவதற்கு முந்திய விடியல்தான் அதற்கு நேரம். பிம்பத்தில் வெளிறியது ஒரு படி கருக்கும், கருத்தது ஒரு படி வெளிறும். இதை மறந்து கரையில் இருப்பதை அப்படியே தலைகீழாகப் போட்டால் தண்ணீர் கண்ணாடித் தகடாகிவிடும். பூம்பாறை ஊரும் அதன் படிக்கட்டு வயல்களும் சாலை மேட்டிலிருந்தே கட்டம் கட்டமாகத் தெரியும், ஆனால் அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். பைன் காடு, தூண் பாறை போன்ற இடங்களில் சனி, ஞாயிறு தோளில் இடிபடாமல் உட்கார முடியாது.

காட்டுமாடு ஊருக்குள்ளேயே நடமாடும். சோலை ஓரத்தில் முதுகைக் காட்டி உட்காராதீர்கள், பின்னால் சுவரோ பாறையோ இருக்கட்டும், அந்தி சாயும் முன் கிளம்புங்கள். மழை ஈரத்தில் காலில் அட்டைப்பூச்சி ஏறும், நீளமான சாக்ஸ், ஒரு பொட்டலம் உப்பு. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை இருக்கிறது, குடிக்கவும் பிரஷ் கழுவவும் இரண்டு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். கழுவிய தண்ணீரை ஏரியிலோ ஓடையிலோ கொட்ட வேண்டாம். கோபால்ட், காட்மியம் நிறங்கள் அதில் இருக்கலாம். பாட்டிலிலேயே ஊற்றி அறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சொந்த வண்டி என்றால் மலைக்கு வர இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) எடுத்துக்கொள்ளுங்கள்.

---

காகிதம்_முந்நூறு:

மேல சொன்னது எல்லாம் சரி, ஒண்ணு தவிர. செப்டம்பர்ல முதல் காலை தெளிவா இருந்தா அன்னிக்கே கலரை எடுத்துடுங்க. மறுநாளும் தெளிவா இருக்கும்னு நம்பிப் பென்சிலோட நிறுத்த வேண்டாம். மூணு சின்னக் கட்டம் போட்டுட்டு நேரா வாஷ், அதாவது தண்ணி கலந்த நிறத்தைப் பரப்பிப் பூசறது.

இப்ப பேப்பர். தண்ணி ஆவியாகணும்னா காத்துல இடம் இருக்கணும். மஞ்சுக்குள்ள காத்து ஏற்கெனவே நிறைஞ்சு நிக்குது, குளிர் வேற. திருச்சி வெயில்ல அஞ்சு நிமிஷத்துல காயற வாஷ் அங்க அரை மணி ஆனாலும் ஈரமாத்தான் இருக்கும். கையோட வேகத்தை மாத்தினா பத்தாது, வேலை செய்யற வரிசையையே மாத்தணும்.

காலிஃபிளவர் திட்டு ஏன் வருதுன்னா, பேப்பர்ல இருக்கிற ஈரத்தைவிட பிரஷ்ல இருக்கிற ஈரம் அதிகம். அதிகத் தண்ணி குறைஞ்ச ஈரத்தை நோக்கி ஓடும், ஓடும்போது பாதி காஞ்ச நிறத்தைத் தள்ளிட்டுப் போய் ஓரத்துல குவிச்சுடும். அதனால பேப்பரை நாலு நிலையாப் பாருங்க. தரைக்கு இணையாக் கண்ணை வெச்சு, சாய்வாப் பார்த்தாத்தான் இது தெரியும். முழுசாப் பளபளன்னு இருந்தா எது வேணா விடலாம், கலந்துக்கும். பளபளப்பு மங்கிக்கிட்டே இருந்தா, கீழ இருக்கிறதைவிடக் கெட்டியான நிறம் மட்டும், அதுவும் பிரஷைத் துணியில ஒத்தி எடுத்துட்டு. பளபளப்பு போயிடுச்சு, ஆனா புறங்கையை வெச்சா சில்லுன்னு இருக்குன்னா கையை எடுத்துடுங்க. திட்டு விழற நேரமே இதுதான், மலையில இந்த நிலைதான் ரொம்ப நீளம். சில்லிப்பும் போன பிறகுதான் அடுத்த அடுக்கு.

கெட்டின்னு சொல்றதுக்கு ஒரு கணக்கு வெச்சுக்கங்க: தண்ணி டீ, பால், தயிர், வெண்ணெய். வானம் டீ. தூர மலை பால். கிட்ட இருக்கிற மரம் தயிர். கடைசிக் கிளை, கம்பி, கல் இடுக்கு வெண்ணெய். பளபளப்பு மங்கின டீ மேல இன்னொரு டீயை விட்டா திட்டு நிச்சயம். டீ மேல தயிர் விட்டா ஓரம் மென்மையா பரவி நிக்கும், அது உங்களுக்கு வேணும்ங்கிற மஞ்சு ஓரமேதான்.

காயறதுக்குக் காத்திருக்கிறதைவிட, காய வேண்டாதபடி பிரிச்சுக்கங்க. வானத்துக்கும் முகட்டுக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர் வறண்ட பேப்பரை அப்படியே விட்டுட்டா ரெண்டும் ஈரமா இருந்தாலும் கலக்காது. முடிஞ்சதும் அந்த இடைவெளி முகட்டு மேல விழுந்த வெளிச்சக் கோடு மாதிரி இருக்கும். அப்புறம், ஒரே நேரத்துல ரெண்டு பலகை. ஒண்ணுல வானம் போட்டு ஒதுக்கிட்டு இன்னொண்ணை எடுங்க. அளவையும் குறைங்க, ஏ4-ஐ ரெண்டா வெட்டினா போதும்.

உங்க செல்லுலோஸ் பேப்பர் இங்க எதிரி. அதுல தண்ணி மேலாப்புல நின்னு, ஒரு பக்கம் காஞ்சு ஒரு பக்கம் ஈரமா இருக்கும். நூறு சதவீத பருத்திப் பேப்பர் உள்ள வரைக்கும் உறிஞ்சு ஒரே சீரா ஈரத்தைப் பிடிச்சுக்கும், அதே வேகத்துல சீரா விடும். செலவு பண்ற ஒரே இடம் இதுவா இருக்கட்டும். 56க்கு 76 செ.மீ. முழுத்தாள், 300 ஜிஎஸ்எம், கோல்டு பிரஸ் (லேசாச் சொரசொரப்பான தாள்), ரெண்டு தாள் வாங்கி ஒவ்வொண்ணையும் எட்டா வெட்டுங்க. பதினாறு துண்டு, நாலு நாளுக்குத் தாராளம். ஜிப் கவர்ல சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வையுங்க. ஈரக் காத்துல ரொம்ப நாள் திறந்தே வெச்சுட்டா மேல பூசியிருக்கிற பசை கெட்டு, நிறம் பிளாட்டிங் பேப்பர்ல விழுந்த மை மாதிரி இறங்கிடும்.

பலகைக்கு சன்பேக் ஷீட் (உள்ள வெற்றிடம் உள்ள பிளாஸ்டிக் அட்டை), எடையே இல்ல. மாஸ்கிங் டேப் ஈரத்துல கிளம்பிடும், நாலு மூலைக்கும் கிளிப் போடுங்க. பலகைக்குக் கீழ ஒரு புத்தகம் வெச்சுப் பதினஞ்சு, இருபது டிகிரி சாய்வு கொடுங்க, வாஷ் ஒரே திசையில இறங்கும். வெயில் அடிச்சா பேப்பர் மேல நேரா விழ விடாதீங்க. கண்ணு கூசி எல்லாத்தையும் அளவுக்கு மீறிக் கருப்பாப் போட்டுடுவோம், அறைக்கு வந்து பார்த்தா படம் இருட்டா இருக்கும். குடை கருப்பு, வெள்ளை, சாம்பல் மட்டும். சிவப்புக் குடைக்குள்ள உட்கார்ந்தா பேப்பர் சிவக்கும், கண்ணு அதைச் சரிக்கட்டி பச்சையைத் தப்பாக் கலக்கும்.

அவசரமாக் காயணும்னா ரப்பர் வெந்நீர்ப் பையைத் துண்டுல சுத்தி, கிளிப்பைக் கழட்டின பேப்பரை அது மேல வையுங்க. அறையில ஹேர் டிரையர் இருந்தா பளபளப்பு போன பிறகுதான், ஒரு அடி தள்ளிப் பிடிங்க. பளபளப்பு இருக்கும்போது ஊதினா நிறம் ஓரத்துக்கு ஓடிடும்.

---

குன்னூர்_பச்சை:

பச்சைக்கு வருகிறேன். முதலில் டியூப்பில் இருக்கும் பச்சையைத் தனியாகத் தொடாதீர்கள். அது ஒரே வெப்பம் (மஞ்சள் பக்கமோ நீலப் பக்கமோ சாயாது), ஒரே கருமை. நீங்கள் சொன்ன பெயின்ட் அடித்த சுவர் அங்கிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு மரத்துக்கும் நிறம் மட்டுமல்ல, வெளிக்கோடும் வேறு. அதைக் கவனித்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

சோலை மரங்கள் குட்டையாக, தலை உருண்டையாக, ஒன்றோடொன்று நெருக்கி நிற்கும். அல்ட்ராமரீன் நீலம் இரண்டு பங்கு, கம்போஜ் மஞ்சள் ஒரு பங்கு, பிரஷ் நுனியளவு பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). இதுதான் அடிநிறம். உருண்டைகளுக்கு நடுவில் நிழலுக்கு மஞ்சளை விட்டுவிட்டு அல்ட்ராமரீனும் சியன்னாவும் மட்டும், தயிர்ப் பதத்தில். புதுத் தளிர் செம்பு நிறத்தில் வரும். சியன்னாவில் துளி ரோஸ் சேர்த்து, மூன்று நான்கு இடத்தில் தொட்டால் போதும். சுற்றியிருக்கும் பச்சை தானாகவே ஆழமாகும். மேட்டு நிலச் சோலையின் ஓரத்தில் காட்டுப்பூவரசு கண்ணில் பட்டால் அதன் முறுக்கிய தண்டைக் கட்டாயம் வரையுங்கள். கோட்டுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

யூகலிப்டஸ் நெட்டையாக, மேலே மட்டும் தழை தொங்கும், வானம் அதன் ஊடே தெரியும். செருலியன் நீலத்தில் கொஞ்சம் ரா சியன்னா (மஞ்சள் பழுப்பு). பச்சை என்று சொல்ல முடியாத ஒரு சாம்பல் வரும், அதுதான் சரி. பட்டை உரிந்த தண்டு வெள்ளை அல்ல. ரா சியன்னாவை டீ பதத்தில் ஓட்டி, ஈரமாக இருக்கும்போதே ஒரு பக்கம் அல்ட்ராமரீன் துளி விடுங்கள். பைனுக்குத் தழையைவிடத் தண்டு வரிசைதான் முக்கியம், தண்டுகளுக்கு இடையிலுள்ள வெளிச்சத்தை முதலில் போட்டுவிட்டுத் தண்டைக் கடைசியில் போடுங்கள். புல்வெளி மழைக்குப் பின் லெமன் மஞ்சளில் துளி தாலோ நீலம். துளி என்றால் துளிதான், தாலோ மற்ற நிறங்களைத் தின்றுவிடும்.

கொடைக்கானல் ஊரைச் சுற்றித் தேயிலை தேடாதீர்கள். அங்கே படிக்கட்டு வயலில் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ். தேயிலை வரைய வேண்டுமென்றால் அடுத்த முறை எங்கள் பக்கம் வாருங்கள், குன்னூர், கோத்தகிரி. அங்கே மேற்பரப்பு கத்தரித்த மாதிரி சமமாக இருக்கும். முழுச் சரிவையும் இளம் மஞ்சள் பச்சையில் ஒரே வாஷாகப் போட்டு, காய்ந்ததும் மெல்லிய ரிகர் பிரஷில் (நீள மயிர், கோடு இழுக்க) நடைபாதைக் கோடுகளை மட்டும் கருமையில் இழுங்கள். கோடுகள் சரிவின் வளைவைப் பின்பற்றட்டும், தூரம் போகப் போக நெருங்கட்டும். செடி செடியாகப் போட்டால் முட்டைக்கோஸ் வயலாகிவிடும்.

மஞ்சைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். பெரும்பாலோர் அதை நீலத்தில் போடுகிறார்கள், தவறு. தெளிந்த நாளில் தூர முகடு நீலமாகத் தெரிவது, நடுவிலுள்ள காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால். மஞ்சு என்பது நீர்த்துளி. அது எல்லா நிறத்தையும் ஏறக்குறையச் சமமாகச் சிதறடிக்கும், அதனால் வெள்ளை அல்லது சாம்பல். தெளிந்த காலைக்கு அல்ட்ராமரீனில் துளி ரோஸ், டீ பதத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு முகட்டுக்கும் ஒரு படி கெட்டியாக்குங்கள். ஒவ்வொரு முகட்டின் அடியையும் வெறும் ஈரப் பிரஷால் இழுத்து வெளிறவிடுங்கள், பள்ளத்தில் மஞ்சு தங்குவது அங்கேதான். மூடிய நேரத்துக்கு அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பல். முன்மரத்தில் சியன்னா தூக்கலாக, அடுத்த மரத்தில் சமமாக, மூன்றாவது வெறும் நிழலுருவம். மஞ்சின் வெள்ளை பேப்பரின் வெள்ளைதான், வெள்ளை டியூப் வேண்டாம்.

வாங்கும்போது டியூப்பின் மேலுள்ள நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். அல்ட்ராமரீன் பிபி 29, தாலோ நீலம் பிபி 15. ரோஸ் என்றால் பிவி 19. பழைய அலிசரின் சிவப்பு, பிஆர் 83, வெளிச்சத்தில் மங்கும். உங்கள் 12 டியூப்பில் ஆறு, ஏழுக்கு மேல் வேண்டியதில்லை.

---

மலைக்கோட்டை_தூரிகை:

ரொம்ப நன்றிங்க. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கல. கோக்கர்ஸ் வாக் ஒண்ணு, விடியல்ல ஏரி ஒண்ணு, ரெண்டோட நிறுத்திக்கிறேன். இன்னும் ரெண்டு சந்தேகம். மஞ்சு வெள்ளையைக் காப்பாத்த மாஸ்கிங் ஃப்ளூயிட் (பேப்பர்ல தடவி மறைச்சு, அப்புறம் உரிச்சு எடுக்கிற திரவம்) எடுத்துட்டு வரலாமா? ஈரம் போகாத படங்களை எப்படிக் கீழ கொண்டு வர்றது? போன தடவை எல்லாம் அப்பளம் மாதிரி சுருண்டுடுச்சு.

---

குன்னூர்_பச்சை:

மாஸ்கிங் ஃப்ளூயிட் வேண்டாம். அந்தக் குளிரில் அதுவே லேசில் காயாது. பாதி காய்ந்ததை உரித்தால் பேப்பரும் சேர்ந்து உரியும். தவிர, அதன் ஓரம் கத்தியால் வெட்டியது போல் நிற்கும், மஞ்சுக்கு அப்படி ஓரமே கிடையாது. மறைக்க வேண்டிய இடத்தில் சுத்தத் தண்ணீரை மட்டும் பூசி, நிறத்தை அதன் விளிம்பு வரை கொண்டுவந்து விட்டுவிடுங்கள். மீறிப் பரவினால் பிழிந்த பிரஷாலோ டிஷ்யூவாலோ ஒற்றி எடுங்கள். அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் சுலபமாக எழும்பும். தாலோ கறையாகப் பிடித்துவிடும், அதனால் மஞ்சுக்குப் பக்கத்தில் தாலோவைக் கொண்டுபோகாதீர்கள்.

வெள்ளை போய்விட்டதே என்று மனம் கேட்கவில்லையென்றால் ஒரு சிறிய வெள்ளை கவாஷ் (அடியை மறைக்கும் கெட்டி நீர்வண்ணம்) டியூப், கிளைமேல் விழும் ஒளிக்கு மட்டும். கவாஷில் வெளிர் நிறம் காய்ந்தால் கொஞ்சம் கருக்கும், அடர் நிறம் வெளிறும். ஓரத்தில் சோதித்துவிட்டுத் தொடுங்கள்.

---

காகிதம்_முந்நூறு:

சுருளுறது ஏன்னா, பேப்பர் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடிச்சிருக்கு. மேல ஈரக் காத்துல இருந்த தாள் மலைப்பாதை இறங்கி வத்தலக்குண்டு வெக்கைக்கு வரும்போது அந்த ஈரத்தைச் சட்டுன்னு விடுது, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. ஒவ்வொரு படத்துக்கும் நடுவுல பட்டர் பேப்பர் வெச்சு, ரெண்டு சன்பேக் ஷீட்டுக்கு நடுவுல இறுக்கிக் கிளிப் போட்டு, பையில படுக்கை வசமா வையுங்க. கண்ணாடிக் கவர்ல போட்டு மூடாதீங்க, உள்ள வேர்த்து நிறம் ஒட்டிக்கும். பாலெட்டையும் கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி திறந்து காய விடுங்க. ஈரத்தோட மூடினா ரெண்டு நாள்ல பூஞ்சை பிடிக்கும். தேன் சேர்த்த டியூப்பா இருந்தா அப்பவும் முழுசாக் காயாது, பாலெட்டைச் சாய்க்காம எடுத்துட்டு வாங்க.

அப்படியும் சுருண்டா வீட்டுல படத்தைக் கவுத்துப் போட்டு, பின்பக்கம் மட்டும் ஈரப் பஞ்சால லேசாத் துடைங்க, சொட்டக் கூடாது. அடியிலயும் மேலயும் சுத்தமான வெள்ளைத் தாள், அதுக்கு மேல கனமான புத்தகம் அஞ்சாறு, ஒரு முழு நாள். நடுவுல ஒரு தடவை வெள்ளைத் தாளை மாத்திடுங்க. வெண்ணெய்ப் பதத்துல கெட்டியாப் போட்ட இடம், கவாஷ் தொட்ட இடம் இருந்தா ஈரம் இன்னும் குறைவா, இல்லேன்னா அடியில இருக்கிற தாள்ல ஒட்டிடும்.